சான்றிதழும் சம்பந்தமும்

ரயில் நேரமெல்லாம் தலைகீழாகச் சொல்லும் ஆஸ்பெர்ஜர் பிள்ளை நீட்டில் மட்டும் ஏன் கோட்டைவிடுகிறான் என்பதுதான் தருமபுரிப் பெற்றோரின் ஒரே கவலை. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் ஆஸ்பெர்ஜரும் அடங்கும் ஆட்டிசத்தையும் சேர்த்துக்கொண்டு, அரசுக் கல்லூரிகளிலும் உதவிபெறும் கல்லூரிகளிலும் 5 சதவீத இடம் ஒதுக்கச் சொல்கிறது. இவர்களுக்கோ சீட் வேண்டும், மாற்றுத்திறனாளிச் சான்றிதழ் வேண்டாம். வாங்கினால் தங்கைக்குச் சம்பந்தம் அமையாதாம். ஊர் வாய்க்குப் பயப்படுவதில் நியாயம் உண்டு. ஆனால் விடுதி மெஸ் இரைச்சல் தாங்காமல் பையன் பாதியில் பெட்டியோடு திரும்பினால் அதே ஊர் மௌனவிரதமா இருக்கும்?

“நன்றாகப் படிக்கிறவனுக்கு 40 சதவீதக் குறைபாடு என்று யார் எழுதித் தருவார்கள்?” என்பது வலுவான கேள்வி, பலருக்கு ஒதுக்கீட்டுக்கான அந்த வரம்பு எட்டாதுதான். அப்போது வீட்டிலிருந்தே போய்வரும் கல்லூரியைத் தேடலாம். தருமபுரியை அடுத்த செட்டிக்கரையில் 2013 முதல் அரசுப் பொறியியல் கல்லூரி இருக்கிறது. என்ன செய்வது, எதிர்வீட்டுப் பையன் கோயம்புத்தூரில் அல்லவா படிக்கிறான்!