மைசூர் அயர்வியல்

மெய்ப்பாடுகளை எட்டாக வகுத்த தொல்காப்பியர் அயர்வுக்குத் தனி இருக்கை தரவில்லை. இளிவரல் பிறக்கும் நான்கு நிலைக்களன்களுள் ஒன்றாக வருத்தத்தைச் சொல்லிவிட்டு மேலே போய்விட்டார். அவர் காலத்தில் ரயில்வே சீசன் டிக்கெட் இல்லாததால் இதைக் குறையாகக் கொள்ளற்க. விட்ட இடத்தை நிரப்ப எழுந்தது இச்சிறுநூல். ஆய்வுக்களம் மைசூர். ஓய்வூதியர்களின் சொர்க்கம் என்று பெயரெடுத்த ஊரில் போய்க் களைப்பைத் தேடுவானேன் என்பார்க்கு விடை: பிணியைத் தேடுகிறவன் ஆஸ்பத்திரிக்குத்தானே போவான்.

அயர்வு மூவகைத்து. உறங்கினால் தீர்வது, உறங்கினாலும் தீராதது, உறங்கவே விடாதது.

முதலாவதைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. தேவராஜ மார்க்கெட்டில் மூட்டை இறக்குபவருக்கும் சாமுண்டி மலையைப் படி வழியாக ஏறுபவருக்கும் வருவது இது. ஆயிரம் சொச்சம் படிகள். 17ஆம் நூற்றாண்டில் தொட்ட தேவராஜ உடையார் அமைத்தவை என்ப. பாதிக்கு மேல் ஏறியதும் பெரிய நந்தி. அங்கே மூச்சு வாங்க உட்காருவதற்கு மரியாதையான பெயர் தரிசனம். சோறும் தூக்கமும் கிடைத்தால் இவ்வகை மறுநாள் காலை தடம் தெரியாமல் போய்விடும்.

இரண்டாம் வகைக்கு உறைவிடம் பெங்களூர் ரயில். சீசன் டிக்கெட்டை 150 கிலோமீட்டர் வரைதான் தருகிறது ரயில்வே. மனிதன் அன்றாடம் அலையத்தக்க தூரத்துக்கு வேறெந்தச் சாத்திரமும் இத்தனை தெளிவாக எல்லை கட்டியதில்லை. மைசூரிலிருந்து பெங்களூர் ஏறக்குறைய 140. தப்ப வழியில்லை. ஆகவே விடியுமுன் கிளம்பி, ஸ்ரீரங்கப்பட்டணத்தில் கண்ணயர்ந்து, மண்டியாவில் விழித்து, மத்தூரில் வடை வாசனைக்குத் தோற்று, கெங்கேரி வரும்போது மேலதிகாரியின் வாட்ஸ்அப் செய்தியைத் திறக்கிறவர் இவ்வகைக்குத் தலைமகன். பகல் முழுதும் இவர் நாற்காலியைவிட்டு அசைவதில்லை. ஞாயிறு பூராவும் தூங்கினாலும் திங்கள் காலை அதே களைப்பு. களைத்தது உடம்பு அன்று. உலக சுகாதார நிறுவனம் 2019இல் தன் நோய்ப் பட்டியலின் பதினோராம் பதிப்பில் வேலைச்சோர்வுக்கு இடம் தந்தபோது, இது பணியிடம் சார்ந்த நிகழ்வு, நோயன்று என்று குறித்தது. மெடிக்கல் லீவுக்கு எழுத உட்கார்ந்தவர்கள் பேனாவை மூடிவைக்க.

மூன்றாம் வகையை ஹெப்பாள் பக்கத்துப் பயிற்சி விடுதிகளில் காணலாம். திருநெல்வேலியிலிருந்தும் கட்டாக்கிலிருந்தும் வந்த இளம் பொறியாளர்கள் நாளைய தேர்வை இன்றிரவே மனத்துக்குள் எழுதி, தோற்று, அப்பாவுக்குப் பதிலும் சொல்லி முடித்துவிடுவார்கள். உடலியல் ஆய்வாளர் ஹான்ஸ் செல்யே 1936இல் ‘நேச்சர்’ இதழில் ஒரு சிறு குறிப்பு எழுதினார். குளிரோ காயமோ மிகை உழைப்போ நஞ்சோ, எதைக் கொடுத்தாலும் எலியின் உடல் ஒரே விதமாகத்தான் பதறுகிறது என்பது அதன் சாரம். பந்திப்பூர்ப் புலிக்கும் ஜாவா தேர்வுக்கும் அட்ரினல் சுரப்பி வேற்றுமை பாராட்டுவதில்லை. புலியாவது போய்விடும்.

வகை கண்டபின் மருந்து. இங்கேதான் ஊர் வழுக்குகிறது. மூவருக்கும் ஒரே சீட்டு: “யோகா பண்ணுங்க.” 1933இல் நால்வடி கிருஷ்ணராஜ உடையாரின் ஆதரவில், ஜகன்மோகன் அரண்மனையில் யோகசாலை தொடங்கினார் யோக ஆசான் கிருஷ்ணமாச்சாரியார். அங்கே பையன்களுக்கு அவர் சொல்லித்தந்தது தாவிக் குதித்துச் செய்யும் ஆசனங்கள். துள்ளுகிற வயதுக்கு அது சரி. அவருடைய மாணவர் பட்டாபி ஜோயிஸ் 1948இல் லட்சுமிபுரத்தில் தொடங்கிய பள்ளி வழியே அந்தத் துள்ளல் இவ்வூரின் கோகுலம் பகுதிக்குப் போய்ச் சேர்ந்தது. அங்கே வெளிநாட்டவர் இருட்டோடு எழுந்து வியர்த்து, வெயில் வந்ததும் இளநீர்க் கடையில் நிற்கிறார்கள். இளைப்பாற வந்து இளைத்தவர்கள். முதல் வகையில் சேர்க்க. அமாவாசை, பௌர்ணமிக்கு அங்கே பயிற்சி கிடையாது. பெங்களூர் ஐ.டி. கம்பெனிகள் இதையாவது கற்றுக்கொள்ளலாம்.

அதே கிருஷ்ணமாச்சாரியார் பின்னாளில் சென்னைக்குக் குடிவந்தபோது குதிப்பதை மூட்டை கட்டிவைத்தார். வயது, உடல்நிலை, தொழில் பார்த்து, மூச்சை முன்னிறுத்தி, ஆளுக்கொரு பாடம் வகுத்தார். மகன் தேசிகாச்சார் 1976இல் நிறுவிய கிருஷ்ணமாச்சார்ய யோக மந்திரம் அந்த வழியில் நடப்பது. நம் கட்சியும் அதுவே. மூட்டை இறக்கியவருக்குச் சவாசனம். நாற்காலிக்காரருக்குக் குக்கரஹள்ளி ஏரிக்கரை நடை, அதுவும் எத்தனை அடி என்று கைக்கடிகாரத்தைக் கேட்காமல். பரீட்சைக்காரருக்கு நீளமான வெளிமூச்சு. செல்போன் அடுத்த அறையில். நாற்காலிக்காரரான அந்த ரயில்காரருக்கு உண்மையில் வேண்டியது வீட்டருகே ஒரு வேலை. அதற்கு ஆசனம் இல்லை.

புறனடை: வாரக்கணக்கில் நீங்காத களைப்பு இரத்தசோகையாகவோ தைராய்டாகவோ சர்க்கரையாகவோ இருக்கக்கூடும். அது இந்நூலின் ஆட்சிக்கு உட்பட்டதன்று, ரத்தப் பரிசோதனைக்கு உட்பட்டது.

எஞ்சியது காபி. குடகு கூப்பிடு தூரம் என்பதால் இவ்வூரில் இதைத் தவிர்க்க முடியாது. மருந்து என்பர் ஒரு சாரார், காரணம் என்பர் மற்றொரு சாரார். காஃபின் களைப்பைப் போக்குவதில்லை. களைப்பை மூளைக்குச் சொல்லும் அடினோசினை வாசலில் மறித்து நிற்கிறது. குடித்ததில் பாதி கழியச் சுமார் ஐந்து மணி நேரம் ஆகும். ஆதலால் பகல் இரண்டு மணிக்கு முன் குடித்தால் மருந்து, மாலை ஐந்துக்குப் பின் குடித்தால் காரணம், மாமியார் கலந்து கொடுத்தால் மணி பார்க்கப்படாது.