பேட்டின் பின்பக்கமும் மூன்று விரல்களும்: ஒரு நிலவுரிமை ஆய்வு

ஆய்வுச் சுருக்கம்

டேபிள் டென்னிஸ் பேட்டைப் பேனா பிடிப்பதுபோல் பிடித்து ஆடும் மரபில், பெருவிரலும் ஆள்காட்டி விரலும் முன்பக்கம் நின்று வேலை பார்க்கின்றன. நடுவிரல், மோதிரவிரல், சுண்டுவிரல் ஆகிய மூன்றும் பின்பக்கம் போய்விடுகின்றன. போன இடத்தில் அவை என்ன செய்கின்றன என்பதே இவ்வாய்வின் பொருள். பேனாப் பிடியின் இரு பெரும் மரபுகளும் பிரிந்து நிற்பது இம்மூன்றை மடக்குவதா, நீட்டுவதா என்ற வினாவில்தான் என்பது கருதுகோள். கருதுகோள் இறுதியில் நிறுவப்படுகிறது என்பதை இப்போதே சொல்லிவிடலாம். நிறுவப்படாத கருதுகோளோடு எந்த ஆய்வேடும் பைண்டிங் கடைக்குப் போனதில்லை.

ஆய்வு எல்லை

பேட்டின் கைப்பிடியைக் கைகுலுக்குவதுபோல் பற்றுவோர் இவ்வாய்வின் எல்லைக்கு அப்பாற்பட்டவர்கள். உலகில் அவர்களே பெரும்பான்மையினர் என்பது உண்மை. ஆயினும் ஆராயத்தக்கதாக அவர்கள் விரல்களில் எதுவும் இல்லை. ஐந்தும் பிடிக்க வேண்டியதைப் பிடித்துக்கொண்டு சும்மா இருக்கின்றன. இடக்கை ஆட்டக்காரர்கள் எல்லைக்கு உட்பட்டவர்களே. சீனத்தின் ஷு ஷின் இடக்கையர். அவரைப் பொறுத்தவரை வலம் என்பதை இடம் என்று மாற்றிப் படித்துக்கொள்க.

இயல் 1: முன்பக்கம், அல்லது பட்டா நிலம்

பேனாப் பிடிக்கான சீன பேட்டின் கைப்பிடி குட்டை. சாதாரண பேட்டின் கைப்பிடி ஏறத்தாழ 10 செ.மீ. என்றால் இது 8 செ.மீ. அளவில் நின்றுவிடும். பெருவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையிலுள்ள பள்ளத்தில் கைப்பிடி அமர, அவ்விரு விரல்களும் இருபுறமிருந்தும் வளைந்து வந்து முன்பக்கத்தைத் தொடுகின்றன. பேட்டின் தலை கீழ்நோக்கித் தொங்குகிறது. பழைய முறைப்படி ஃபோர்ஹேண்டும் பேக்ஹேண்டும் ஆடப்படுவது இந்த ஒரே பக்கத்தால்தான்.

ஆகவே முன்பக்கம் சர்ச்சையில்லாத பட்டா நிலம். உரிமையாளர் இருவர். இருவருக்கும் இடையே தண்ணீர் முறைபோல ஓர் ஏற்பாடு உண்டு. ஃபோர்ஹேண்ட் அடிக்கும்போது பெருவிரல் அழுத்தும், ஆள்காட்டி விரல் தளரும். பேக்ஹேண்ட் பக்கம் வந்த பந்தைத் தடுத்துத் தள்ளும்போது ஆள்காட்டி விரல் அழுத்தும், பெருவிரல் ஒதுங்கும். இருவரும் ஒரே நேரத்தில் அழுத்தினால் என்ன ஆகும் எனின், பேட் அசையாது. பந்து மட்டும் அசைந்து வெளியே போகும். புதிதாகப் பழகுபவர்களிடம் இந்நிகழ்வை ஏராளமாகக் காணலாம்.

இரு விரல் நுனிகளுக்கும் இடையே எவ்வளவு தூரம் விடுவது என்பதும் ஆராயத்தக்கது. நெருங்கினால் மணிக்கட்டு தாராளமாகச் சுழலும், ஆனால் பேட் ஆட்டம் காணும். விலகினால் பேட் உறுதியாக நிற்கும், ஆனால் மணிக்கட்டு இறுகும். நடுத்தர இடைவெளியே நன்று என்று பயிற்சியாளர்கள் சொல்கிறார்கள். நடுத்தரம் நன்று என்ற முடிவுக்கு வராத துறை எதுவும் இல்லையாதலால், இதை இத்துறையின் சிறப்புப் பங்களிப்பாகக் கொள்ள இயலவில்லை.

எல்லைத் தகராறு ஒன்று மட்டும் இந்நிலத்தில் உண்டு. புதிய பேட்டின் மர விளிம்பு, விரல்கள் வளைந்து இறங்கும் இடத்தில் தோலைக் கடிக்கும். இதற்கு ஆட்டக்காரர்கள் கண்டிருக்கும் தீர்வு உப்புத்தாள். விலை கொடுத்து வாங்கிய பேட்டை முதல் வேலையாகத் தேய்த்துத் தேய்த்துத் தன் விரலின் வடிவத்துக்குக் கொண்டுவருவது பேனாப் பிடிக்காரர்களின் வழக்கம். ஒருவர் தேய்த்த பேட் இன்னொருவர் கைக்கு ஒத்துவராது. இரவல் கேட்பவர்களைத் தவிர்க்க இதைவிட நாகரிகமான வழி எந்த விளையாட்டிலும் இல்லை.

இயல் 2: பின்பக்கம், அல்லது புறம்போக்கு

இனிப் பின்பக்கம். பந்து வராத, ரப்பர் ஒட்டாத, வெறும் மரமாகக் கிடந்த நிலம் இது. முன்னே இடமில்லாத மூன்று விரல்களும் இங்கேதான் குடியேறின. குடியேறிய முறையை வைத்து மரபு இரண்டு.

சீன மரபு அடுக்குமாடி. மூன்று விரல்களும் மடங்கி ஒன்றன்மேல் ஒன்றாக அமர்கின்றன. நடுவிரலின் பக்கவாட்டுப் பகுதி மட்டுமே மரத்தைத் தொடுகிறது. அதன்மேல் மோதிரவிரல், அதன்மேல் சுண்டுவிரல். குறைந்த இடத்தில் நிறையப் பேர். பேட் இலகுவாகத் திரும்பும். மணிக்கட்டு எல்லாத் திசையிலும் வளையும். மேசைக்கு மேலே வரும் குட்டைப் பந்துகளை நாசூக்காக ஆட முடியும்.

ஜப்பானிய, கொரிய மரபு தரைவீடு. மூன்று விரல்களும் பின்பக்கத்தில் நீட்டிப் படுக்கின்றன. பேட்டும் வேறு: ஹினோகி என்னும் ஜப்பானிய மரத்தில் ஒரே பலகையாக, 9 முதல் 10 மி.மீ. கனத்தில், பெரும்பாலும் நீள்சதுரமாக அறுத்தது. கைப்பிடியில் தக்கையைத் திமில்போல் உயர்த்தி ஒட்டியிருப்பார்கள். ஆள்காட்டி விரல் அதைக் கொக்கிபோல் வளைத்துப் பிடிக்கும். நீட்டிய விரல்கள் பலகைக்கு முட்டுக்கொடுப்பதால் ஃபோர்ஹேண்ட் அடி முழு வலுவோடு இறங்கும். பேக்ஹேண்ட் பக்கம்தான் மணிக்கட்டு முரண்டு பிடிக்கும். ஆகவே அந்தப் பக்கம் வரும் பந்தையும் ஓடிப்போய்ச் சுற்றி நின்று ஃபோர்ஹேண்டாலேயே அடிக்க வேண்டும். மேசையின் அகலம் 1.525 மீட்டர்தான் என்று எண்ணுபவர்கள் அதை இப்படி ஒரு பிற்பகல் முழுக்கக் கடந்து பார்த்தவர்கள் அல்லர். விரல்கள் கால்நீட்டிப் படுத்ததற்கு உண்மையான கால்கள் நிலவரி கட்டின என்பது பெறப்படும்.

1952-இல் பம்பாயில் நடந்த உலகப் போட்டியில் ஜப்பானின் ஹிரோஜி சாத்தோ ஆடவர் ஒற்றையர் பட்டம் வென்றார். பேனாப் பிடிக்காரர். அவர் பேட்டில் ஒட்டியிருந்த தடித்த ஸ்பான்ஞ்சைப் பற்றியே உலகம் பேசியது. பந்து படும் ஓசையைக்கூட அது விழுங்கிவிட்டதாம். பின்பக்கத்து மூவரும் வழக்கம்போல் பேச்சில் அடிபடவில்லை. 1959-இல் டோர்ட்மண்டில் ரோங் குவோதுவான் வென்றபோது, எந்த விளையாட்டிலும் சீனாவின் முதல் உலக வாகையர் ஆனார். அவரும் பேனாப் பிடி. 1961, 1963, 1965 என மூன்று உலகப் போட்டிகளை அடுத்தடுத்து வென்ற ஜுவாங் ஸதொங்கும் அவ்வாறே. இத்தனை கோப்பைகளுக்குப் பின்னாலும் மூன்று விரல்கள் நின்றிருந்தன. எந்தப் புகைப்படத்திலும் அவை முகம் காட்டவில்லை.

இயல் 3: சட்டம் சொல்வது

விரல்கள் ஏழைகள்தாம், ஆனால் சட்டம் அறியாதவை அல்ல. சர்வதேச விதிகளை ஊன்றிப் படித்தபோது இவ்வாய்வாளருக்கு மூன்று செய்திகள் கிடைத்தன.

ஒன்று: பேட்டின் ரப்பர் பலகை முழுவதையும் மூட வேண்டும்; ஆயினும் கைப்பிடியை ஒட்டி விரல்கள் பற்றும் பகுதியை மூடாமல் விடலாம், அல்லது எதைக்கொண்டும் மூடலாம். விரல்களுக்குக் குடியிருப்பு மனை ஒதுக்கியிருக்கிறார்கள் என்பதன்றி இதற்கு வேறு பொருள் இல்லை.

இரண்டு: பேட் பிடித்த கையின் மணிக்கட்டுக்குக் கீழே பந்து பட்டுத் திரும்பினாலும் அது முறையான அடியே. அதாவது விரல் சட்டப்படி பேட்டின் அங்கம். பேட்டைக் கீழே போட்டுவிட்டு வெறுங்கையால் அடிக்க முடியுமா எனின், முடியாது. பேட்டை விட்ட கணமே அது பேட் பிடித்த கை அல்லாததாகிவிடுகிறது.

மூன்று: ரப்பர் ஒட்டாத பக்கத்து மரத்தால் பந்தை அடித்தால் புள்ளி எதிராளிக்கு. இரண்டையும் மூன்றையும் சேர்த்துப் படிக்கும்போது ஓர் அரிய நிலை உருவாகிறது. பின்பக்கம் ரப்பர் இல்லாத பேனாப் பிடி பேட்டில், பந்து பின்பக்க மரத்தில் பட்டால் குற்றம். அங்கேயே, ஒரு சென்டிமீட்டர் தள்ளி, விரலில் பட்டால் குற்றமில்லை. நிலத்துக்கு இல்லாத உரிமை நிலத்தில் குடியிருப்பவனுக்கு உண்டு. வருவாய்த் துறை வரலாற்றில் இதற்கு முன்னுதாரணம் இருப்பதாகத் தெரியவில்லை.

இயல் 4: 1990களின் நில எடுப்பு

புறம்போக்கு எவ்வளவு நாள்தான் சும்மா கிடக்கும்? 1990களில் சீனாவில் பின்பக்கத்திலும் ரப்பர் ஒட்டி, பேக்ஹேண்டுக்குப் பேட்டின் பின்முகத்தால் பந்தை அடிக்கும் முறை வளர்ந்தது. பெரிய மேடைகளில் அதை ஆயுதமாக்கிக் காட்டியவர் லியு குவோலியாங், 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கின் ஒற்றையர் தங்கம் வென்றவர்.

விளைவு என்ன? பந்து வராத பக்கம் பந்து வரும் பக்கமாயிற்று. ரப்பரும் ஸ்பான்ஞ்சுமாகப் பேட்டின் எடை ஏறத்தாழ 40 கிராம் கூடியது. அதைத் தாங்க வேண்டியதும் அதே விரல்கள்தாம். நீட்டிப் படுத்திருந்தவை பந்தின் வழியில் கிடந்தன, மடங்கியிருந்தவை தப்பித்தன. அடுக்குமாடிக்காரர்கள் கட்டடத்தைக் கொஞ்சம் ஒதுக்கிக்கொண்டு ரப்பருக்கு இடம் விட்டார்கள். தரைவீட்டுக்காரர்களுக்கு ஒதுங்க இடமில்லை. முன்பக்கத்திலும் ஏற்பாடு மாறியது. பின்முகத்தால் அடிக்கும்போது பெருவிரல் அழுத்த, ஆள்காட்டி விரல் தளர்ந்து கொடுக்க வேண்டும். பழைய பேக்ஹேண்டுக்கு நேர் தலைகீழ். ஒரே பந்துக்கு இருவேறு முறைகளையும் வைத்துக்கொண்டு, எந்த நொடியில் எந்த விரல் தளர்வது என்று முடிவெடுப்பது எளிதன்று. பந்து 2.7 கிராம்தான், ஆனால் யோசிக்க அது யாருக்காகவும் நிற்பதில்லை.

இரு மரபுகளையும் நேருக்கு நேர் நிறுத்தும் சோதனை 2004-இல் ஏதென்ஸில் நடந்தது. ஒலிம்பிக் ஒற்றையர் இறுதி. ஒருபுறம் தென்கொரியாவின் ரியு சுங்மின், நீட்டிய விரல்கள், ஓயாத கால்கள். மறுபுறம் சீனத்தின் வாங் ஹாவ், மடங்கிய விரல்கள், பின்முக பேக்ஹேண்ட். 4-2 என்று ரியு வென்றார். தரைவீட்டுக் கட்சி கொண்டாடியது. ஆனால் 2008 பெய்ஜிங் இறுதியில் நின்ற மா லின், வாங் ஹாவ் இருவருமே மடக்கியவர்கள். மா லின் பழைய தள்ளு பேக்ஹேண்டையும் புதியதையும் கலந்து ஆடுபவர். வாங் ஹாவ் பெரும்பாலும் புதியதையே நம்புபவர். மா லின் 4-1 என வென்றார். வாங் ஹாவ் 2012 லண்டனிலும் இறுதிக்கு வந்து, இம்முறை கைகுலுக்கல் பிடிக்காரரான ஜாங் ஜிக்கேயிடம் தோற்றார். மூன்று ஒலிம்பிக், மூன்று வெள்ளி. இடையில் 2009-இல் உலகப் பட்டம் அவருக்கே கிடைத்ததால், குற்றம் விரல்களுடையது என்று தீர்ப்பெழுத இவ்வாய்வு துணியவில்லை.

இயல் 5: மறுப்பும் மறுமொழியும்

‘அழிந்துவரும் பிடிக்கு ஆய்வு எதற்கு?’ என்பார் உளர். அற்றன்று. 2022-இல் ஐரோப்பிய ஒற்றையர் வாகையரான ஜெர்மனியின் டாங் சியூ பேனாப் பிடிக்காரர். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் பதினேழு வயதில் ஒற்றையர் வெண்கலம் வென்ற பிரான்சின் ஃபெலிக்ஸ் லெப்ரன் பேனாப் பிடிக்காரர். அவருடைய அண்ணன் அலெக்சிஸ் கைகுலுக்கல் பிடி. ஒரே வீட்டில், ஒரே மேசையில் இரண்டும் வளர்ந்திருக்கின்றன. ஆகவே பிடி குருதியால் வருவதன்று, கண்டு பழகி வருவது என்க.

‘பெரும்பான்மையோர் கைகுலுக்கல் பிடியில் நலமாகத்தானே இருக்கிறார்கள்?’ என்பது அடுத்த மறுப்பு. இங்கேதான் இவ்வாய்வு தன் வலிமையான சான்றை முன்வைக்கிறது. கைகுலுக்கல் பிடிக்காரர் ஒருவர் ஃபோர்ஹேண்ட் சர்வீஸ் போடுவதைக் கூர்ந்து பாருங்கள். கைப்பிடியிலிருந்து மூன்று விரல்களையும் விடுவித்து, பெருவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் மட்டும் பேட்டைப் பற்றுவார். மணிக்கட்டு தாராளமாகச் சுழன்றால்தான் ஸ்பின் ஏறும் என்பது அவருக்குத் தெரியும். சர்வீஸ் போட்ட மறுகணம் பழைய பிடிக்குத் திரும்பி, ஒன்றும் நடக்காததுபோல் நிற்பார். ஒவ்வொரு சர்வீசிலும் அரை நொடி மதம் மாறுகிறவர்கள், பேனாப் பிடியைப் பழமை என்று சொல்லும் தகுதியை இழக்கிறார்கள்.

முடிவுகள்

1. கருதுகோள் நிறுவப்பட்டது. மடக்கு, நீட்டு என்ற இரண்டே சொற்களில் இரு மரபுகளின் ஃபோர்ஹேண்ட் வலு, பேக்ஹேண்ட் குறை, கால்களின் களைப்பு ஆகிய மூன்றையும் விளக்கிவிடலாம்.

2. புதிதாகத் தொடங்குபவர் விரல்களை மடக்கிப் பழகுவதே நன்று. பின்பக்க ரப்பர் பின்னால் தேவைப்படும். ஓட விருப்பமும் வலுவான முழங்கால்களும் உடையவர் நீட்டலாம்.

3. எந்த மரபாயினும் இறுக்கிப் பிடிப்பது தவறு. விரல் நுனி வெளுத்துப் போனால் பிடி பேட்டின்மீது இல்லை, பயத்தின்மீது இருக்கிறது.

4. வாய்மொழித் தேர்வில் ஒரு வினா உறுதியாக எழும்: சீன மரபில் மோதிரவிரல்மேல் ஏறி அமர்ந்து, பேட்டைத் தொடாமலே ஆட்டம் முழுவதும் இருந்துவிடும் சுண்டுவிரலுக்கு இவ்விளையாட்டில் என்ன வேலை? விடை: வேலை எதுவும் இல்லை. ஆனால் மணிக்கட்டுக்குக் கீழே உள்ளது என்ற ஒரே தகுதியால், பேட்டைத் தொடாத அந்த விரலுக்குப் பந்தைத் தொட முழு உரிமை உண்டு. பந்து அதில் பட்டு வலையைத் தாண்டி எதிர்ப்பக்கம் விழுந்து புள்ளி கிடைத்தால், ஆட்டக்காரர் கை உயர்த்தி வருத்தம் தெரிவிப்பது மரபு. எந்த விரலை உயர்த்துவது என்பது அடுத்த ஆய்வாளருக்கு விடப்படுகிறது.