18 கிராம் மனிதர்

வீட்டில் எஸ்பிரெஸோ போடுகிறவரைக் கண்டுபிடிப்பது சுலபம். "காப்பி எப்படி சார் இருக்கு?" என்று கேட்டுப் பாருங்கள். மற்றவர்கள் நன்றாக இருக்கிறது என்பார்கள், அல்லது ஆறிப்போச்சு என்பார்கள். இவர் மட்டும் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, எதிர்ச் சுவரைப் பார்த்தபடி, "கிரைண்டர் போதலை" என்பார்.

வயது நாற்பதை ஒட்டி இருக்கும். சென்னையில் பழைய மகாபலிபுரம் சாலையிலோ பெங்களூரில் ஒயிட்ஃபீல்டிலோ தவணை முடியாத அடுக்குமாடி வீடு. சமையலறை மேடையில் இட்லிப் பானை இருந்த இடத்தில் இப்போது ஓர் எஃகு மெஷின், பக்கத்தில் அதைவிட விலை கூடிய கிரைண்டர். இட்லிப் பானை பரணுக்குப் போய்விட்டது. முன்பெல்லாம் இவரும் நம்மைப்போல் ஃபில்டர் காப்பியைக் குடித்துவிட்டு, பேப்பர் படித்துவிட்டு, நேரத்துக்கு ஆபீஸ் போனவர்தான்.

வினை ஒரு பிறந்தநாள் பரிசில் வந்தது. சின்ன மெஷின். அதோடு வந்த சல்லடைக் கிண்ணத்துக்கு இரண்டு அடுக்கு. வெளி அடுக்கில் ஊசிமுனையளவு ஒரே ஓட்டை. எந்தப் பொடியைப் போட்டாலும் அந்த ஓட்டை அழுத்தத்தை உண்டாக்கி நுரையோடு காப்பியை இறக்கிவிடும். எந்தத் தப்பையும் மன்னிக்கிற கிண்ணம். நம்மவரும் சந்தோஷமாகத்தான் குடித்துக்கொண்டிருந்தார். அப்போது ஆபீஸில் யாரோ ஒரு புண்ணியவான், "அது உண்மையான நுரை இல்லை சார்" என்று சொல்லித் தொலைத்தார்.

அன்றே ஒற்றை அடுக்குக் கிண்ணத்துக்கு ஆர்டர் போனது. கடையில் அரைத்து வாங்கிய பொடியை அதில் போட்டால் தண்ணீர் குழாயைத் திறந்துவிட்ட மாதிரி கொட்டியது. சரி, புதுக்கொட்டை வாங்கி மிக்ஸியில் அடித்தார். பாதி நாள் கொட்டியது, பாதி நாள் சொட்டக்கூட இல்லை.

இந்தக் கட்டம்வரை நியாயம் முழுக்க அவர் பக்கம்தான். மிக்ஸியின் பிளேடு கொட்டையை அரைப்பதில்லை, அடித்து நொறுக்குகிறது. கொஞ்சம் மாவாகும், கொஞ்சம் ரவையாகும், கொஞ்சம் குருணையாகவே நிற்கும். இந்தக் கலவையின் மேல் மெஷின் 9 பார் அழுத்தத்தில் ஏறக்குறைய 93 டிகிரிச் சூட்டுத் தண்ணீரைச் செலுத்துகிறது. தண்ணீர் எங்கே சந்து கிடைக்கிறதோ அங்கே புகுந்து ஓடிவிடும். ஓடிய வழியில் இருந்த மாவு சக்கையாகிக் கசக்கும். குருணை பாதி வேகாத குணத்தோடு புளிக்கும். ஒரே வாயில் இரண்டும் வந்து சேரும். பல்வட்டு வைத்த கிரைண்டரில் அப்படி இல்லை. இரண்டு வட்டுகளுக்கு நடுவே உள்ள இடைவெளிக்குத் தக்கபடி நொறுங்கினால்தான் கொட்டை கீழே இறங்கும். அந்த இடைவெளியை மயிரிழை மாற்றினால் 25 வினாடியில் இறங்கவேண்டிய காப்பி 40 வினாடி எடுத்துக்கொள்ளும். ஆகவே ஒரு நல்ல கிரைண்டர் வீட்டுக்கு வந்த அன்று காப்பி மாறுகிறது. கண்ணைக் கட்டிக்கொண்டு குடித்தாலும் தெரியும். மெஷினில் பணத்தைக் கொட்டிவிட்டுக் கிரைண்டரில் கஞ்சத்தனம் செய்கிறவர் ஏமாந்துதான் போவார்.

நம்மவருடைய துரதிர்ஷ்டம், முதல் தடவை அவர் சொன்னது சரியாகப் போய்விட்டதுதான்.

முதல் கிரைண்டர் கையால் சுற்றுவது. ஒரு கிளிக் திருகினால் 12.5 மைக்ரான் நகரும் என்று வந்தவர் போனவரிடமெல்லாம் சொன்னார். 18 கிராம் கொட்டையை எஸ்பிரெஸோ பதத்துக்குச் சுற்றி முடிப்பதற்குள் பனியன் நனைந்துவிடும். "ஜிம்முக்குக் கட்டின பணத்தைத் திருப்பி வாங்கிடுங்க" என்றார் மனைவி. அடுத்து கூம்புப் பல் வைத்த மின்சார கிரைண்டர் வந்தது. கூம்புப் பல்லில் காப்பிக்குக் கனம் வரும், ஆனால் தெளிவு வராது. தெளிவு வேண்டுமென்றால் தட்டைப் பல், அதுவும் 64 மில்லிமீட்டர் என்று பிறகு தெரிந்துகொண்டார். அமெரிக்காவிலிருந்து வந்த தங்கையின் 23 கிலோ பெட்டியில் ஏழு கிலோவை இந்தத் தட்டைப் பல் எடுத்துக்கொண்டது. தங்கை அம்மாவுக்கு வாங்கிவைத்திருந்த மசாஜ் மெஷின் அடுத்த வருஷத்துக்குத் தள்ளிப்போயிற்று. "கோயம்புத்தூர்ல கிடைக்காத கிரைண்டரா அங்க கிடைக்குது? எத்தனை லிட்டர்டா?" என்று கேட்டார் அம்மா.

முதல் கிரைண்டர் வந்தபோது காப்பி மாறியது. இரண்டாவது வந்தபோது காப்பி கொஞ்சம் மாறியது. மூன்றாவது வந்தபோது அவருடைய வர்ணனை மாறியது. "முதல் மிடறுல மாதுளை. நடுவுல வெல்லப்பாகு. கடைசியா, தொண்டைக்குள்ள, லேசா நார்த்தங்காய்." ஏற்காட்டுக் கொட்டையின் பாக்கெட்டில் அச்சடித்திருப்பதும் ஏறக்குறைய இதுதான். நார்த்தங்காய் மட்டும் அவருடைய சொந்தச் சரக்கு.

காலை ஆறு மணிக்கு அந்தச் சமையலறையைப் பார்க்கவேண்டும். கிராமில் பத்தில் ஒரு பங்கு காட்டும் தராசில் கொட்டையை நிறுக்கிறார். 18.2. ஒரே ஒரு கொட்டையை எடுத்து வெளியே வைக்கிறார். 18.1. இன்னொன்று. 18. வெளியே வைத்த இரண்டும் ஒரு தனி டப்பாவுக்குப் போகின்றன. பிறகு சென்ட் பாட்டில் போன்ற ஒன்றால் கொட்டைமேல் ஒரு பீச்சு தண்ணீர். "கொட்டைக்குத் தீர்த்தம் தெளிக்கிறான்" என்பது அம்மாவின் விளக்கம். உண்மையில் அரைபடும்போது கொட்டைகள் உரசி மின்னேற்றம் உண்டாகும், தூள் பறந்து சுவரெல்லாம் ஒட்டும். ஒரு துளி ஈரம் அதைத் தணிக்கும். இது வெறும் நம்பிக்கை இல்லை. எரிமலைச் சாம்பலின் மின்னேற்றத்தை ஆராய்ந்த விஞ்ஞானி ஒருவரும் ஓரிகன் பல்கலைக்கழகக் காப்பி ஆராய்ச்சியாளர்களும் சேர்ந்து 2023இல் ஆய்வுக்கட்டுரையே வெளியிட்டிருக்கிறார்கள். அம்மாவிடம் இதைச் சொன்னால், "எரிமலைக்காரனுக்கும் வேலை இல்லையா?" என்கிறார்.

அரைத்தாயிற்று. இனி ஊசி. கார்க்கில் குத்திய அக்குபங்சர் ஊசிகளால் கிண்ணத்துத் தூளைக் கட்டியில்லாமல் கிளறுகிறார். 2005இல் ஜான் வைஸ் என்பவர் சொல்லிக்கொடுத்த முறை இது. மலிவான கிரைண்டரின் குறையைச் சரிக்கட்டத்தான் அவர் இதைச் சொன்னார். விலையுயர்ந்த கிரைண்டர் வாங்கிய பிறகும் ஊசி நிற்கவில்லை, ஊசிகள் மெலிந்ததோடு சரி. பிறகு 58 மில்லிமீட்டர் அமுக்கியால் ஓர் அமுக்கு. கிண்ணத்தை மெஷினில் மாட்டி, பித்தானைத் தட்டி, குனிந்து, அடிப்பக்கத்தை அண்ணாந்து பார்க்கிறார். அடி திறந்த கிண்ணம் அது. எல்லாம் சரியாக இருந்தால் காப்பி தேன் நிறத்தில் நடுவே ஒரே இழையாகக் கூடி இறங்கும். சரியில்லை என்றால் பக்கவாட்டில் மூக்குக்கண்ணாடி வரை பீச்சும். இன்று பீச்சியது. 36 கிராம் இறங்க 19 வினாடிதான் ஆயிற்று. கொட்டினார். ஒரு கோடு நைசாக்கினார். 41 வினாடி. கொட்டினார்.

"ஒரு டம்ளர் காப்பி குடிக்கிறதுக்கு ரெண்டு டம்ளர் சாக்கடைக்குக் குடுக்கிறான்" என்று உள்ளிருந்து குரல் வருகிறது. மனைவி முந்தின இரவு போட்டுவைத்த டிகாஷனில் பாலை ஊற்றி, நின்றபடியே குடித்து, டம்ளரைக் கழுவிக் கவிழ்த்து, செருப்பையும் மாட்டிக்கொண்டார். "என்னங்க, உங்க காப்பி வந்ததும் போன் பண்ணுங்க."

இத்தனைக்கும் எஸ்பிரெஸோ பிறந்த இத்தாலியில் யாரும் வீட்டில் இப்படிக் கஷ்டப்படுவதாகத் தெரியவில்லை. அங்கே வீட்டுக்கு வீடு அடுப்பில் இருப்பது மோக்கா பாத்திரம். 1933இல் பியாலெட்டி கொண்டுவந்த அந்த எட்டுப்பட்டை அலுமினியப் பாத்திரம்தான். எஸ்பிரெஸோ வேண்டுமென்றால் இறங்கி முனைக்கடைக்குப் போவார்கள், நின்றபடி இரண்டு வாய், முடிந்தது. காற்றின் ஈரத்துக்கு ஏற்பக் கிரைண்டரைத் திருகுவது கடைக்காரன் தலைவலி. அந்தத் தலைவலியைக் காசு கொடுத்து வீட்டுக்கு வாங்கி வந்ததுதான் நம்மவரின் சாதனை.

மன்னார்குடியிலிருந்து மாமனார் வந்திருந்தபோது மூன்றாவது கிரைண்டருக்கு அரங்கேற்றம் நடந்தது. சின்னப் பீங்கான் கோப்பையில் 36 கிராம். மாமனார் கோப்பையை இப்படியும் அப்படியும் பார்த்தார். மரியாதை தெரிந்த மனிதர், ஒன்றும் சொல்லவில்லை. எழுந்துபோய் டபராவை எடுத்துவந்தார், காப்பியை அதில் கவிழ்த்தார், சுடச்சுடப் பாலை விட்டார், இரண்டு ஸ்பூன் சர்க்கரை போட்டார், நாலு ஆற்று ஆற்றிக் குடித்தார்.

"பேஷா இருக்கு. சிக்கரி எவ்வளவு போடறீங்க மாப்பிள்ளை?"

மாதுளையும் வெல்லப்பாகும் அந்த டபராவில் மூழ்கிப்போனதை நம்மவர் முகத்தில் பார்க்க முடிந்தது. ஆனால் மாமனார் பேரில் தப்பில்லை. அவ்வளவு பாலும் சர்க்கரையும் சேர்ந்துவிட்டால் கூம்புப் பல்லும் தட்டைப் பல்லும் ஒன்றுதான். பால்காப்பி குடிக்கிற வீட்டுக்கு முதல் கிரைண்டரோடு நிறுத்திக்கொள்வது உத்தமம் என்பது என் கட்சி. மாமனார் பேச்சை மாற்றினார். அவர் பாட்டி வீட்டில் ஜன்னல் கட்டையில் திருகி மாட்டிய வார்ப்பிரும்பு மிஷின் இருந்ததாம். தினமும் விடிகாலையில் வாணலியில் கொட்டையை வறுத்து, அன்றைக்கு வேண்டியதை மட்டும் போட்டுச் சுற்றுவார்களாம். "முன்னாடி ஒரு திருகாணி இருக்கும். இறுக்கினா நைசு, தளர்த்தினா கொரகொரப்பு."

நம்மவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "மாமா, அது பல்வட்டு கிரைண்டர்! அன்னன்னிக்கு வறுத்து, அளந்து, அப்பவே அரைச்சு... பல்லு எத்தனை மில்லிமீட்டர் மாமா?"

"அதையெல்லாம் யாரு அளந்தா? பேரீச்சம்பழத்துக்குப் போட்டாச்சே."

அன்று இரவு அவர் சரியாகச் சாப்பிடவில்லை.

2020இல் வந்த இன்னொரு ஆய்வை அவரிடம் யாரும் எடுக்கக்கூடாது. கணிதக்காரர்களும் வேதியியல்காரர்களும் உட்கார்ந்து எஸ்பிரெஸோவை அலசி, ஓர் அளவுக்கு மேல் நைசாக அரைத்தால் தூள் அடைத்துக்கொண்டு தண்ணீர் எல்லா இடமும் போகாது, சுவை நாளுக்கொரு மாதிரி ஆகும், ஆகவே தூளைக் குறைத்துக் கொஞ்சம் கொரகொரப்பாக அரையுங்கள் என்று சொல்லியிருந்தார்கள். 20 கிராம் போடும் இடத்தில் 15 போதுமாம். நம்மவர் முழுக்கப் படித்தார். ஏற்கவில்லை. காசு செலவாகாத யோசனையை அவர் யோசனையாகவே மதிப்பதில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பையன் விஷமம் செய்தான். கையால் சுற்றும் பழைய கிரைண்டரில் அரைத்தது ஒன்று, புதியதில் அரைத்தது ஒன்று. கோப்பைகளை இடம் மாற்றி வைத்துவிட்டான். அவர் இரண்டையும் உறிஞ்சி, ஒன்றைச் சுட்டி, "இது! இந்தத் தெளிவுக்காகத்தான் இவ்வளவு செலவு" என்றார். அது பழையது. வீடு மொத்தமும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தது. அவர் அசரவில்லை. "பழைய பல்லு பழகியிருக்கு. புதுப் பல்லைப் பழக்கணும்."

பழக்குவது என்றால் மலிவான கொட்டையைக் கிலோ கணக்கில் வாங்கி, அரைத்து அரைத்துக் கொட்டுவது. ஐந்து கிலோ வாங்கினார். கிரைண்டரைப் பிரித்து, வட்டுகள் நேர்ப்படுகின்றனவா என்று பார்க்க மகளின் ஒயிட்போர்டு மார்க்கரால் பல்லுக்கு மை பூசி, சுற்றி, மை அழிந்த இடத்தையும் அழியாத இடத்தையும் லென்ஸ் வைத்துப் பார்த்தார். அழியாத பக்கத்துக்கு அலுமினியத் தாளைக் கிள்ளி முட்டுக் கொடுத்தார். அரைத்த ஐந்து கிலோ தூளும் அம்மாவின் கறிவேப்பிலைச் செடிக்குப் போயிற்று.

ஒருவழியாக ஒருநாள் எல்லாம் கூடிவந்தது. 18 கிராம் உள்ளே, 36 கிராம் வெளியே, 28 வினாடி. இழை நடுவில் இறங்கியது. கண்ணாடியில் துளி படவில்லை. மனைவி, அம்மா, பிள்ளைகள் எல்லோரும் சுற்றி நின்றார்கள். குடித்தார். ரொம்ப நேரம் பேசவில்லை.

"கிரைண்டர்ல இனிமே குறை சொல்ல ஒண்ணும் இல்லை" என்றார். வீட்டார் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். "தண்ணிதான்."

தண்ணீர் விஷயத்திலும் அவர் சொல்வது சரிதான் என்பதுதான் கொடுமை. ஆர்.ஓ. தண்ணீரில் தாது போதாது, சுவை சப்பென்று இறங்கும். சென்னை போர் தண்ணீரில் தாது கொட்டிக் கிடக்கிறது, மெஷின் வயிற்றில் உப்புப் படிந்துவிடும். ஆகவே காய்ச்சி வடித்த தண்ணீரில் மக்னீசியம் சல்ஃபேட்டும் சமையல் சோடாவும் மில்லிகிராம் கணக்கில் கலந்து சொந்தமாகவே தண்ணீர் தயாரிப்பது என்று முடிவாயிற்று. சமையல் சோடா வீட்டிலேயே இருந்தது. மற்றதற்கு முனையிலிருந்த மருந்துக்கடைக்குப் போனார்.

"எப்சம் சால்ட் இருக்கா?"

கடைக்காரர் மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "பேதி உப்புதானே? யாருக்கு சார், பெரியவங்களுக்கா, குழந்தைக்கா?"

"காப்பிக்கு."

"எத்தனை நாளா போகலை?"

"ரெண்டு வருஷமா சரியாவே வரலை" என்றார் நம்மவர். "இப்பதான் காரணம் புரிஞ்சுது."