மைக் இல்லாத குரல்

கேள்வி: ஆப்பரா பாடகி ஆகப்போகிறேன் என்கிறாள் என் மகள். தோட்டத்துப் பிள்ளைக்கு அதெல்லாம் ஒத்துவருமா?
– ஒரு தகப்பனார், பாடாங் செராய், கெடா

பதில்: ஏன் ஒத்துவராது? ஆப்பரா நமக்குப் புதுச் சரக்கு இல்லை ஐயா. கதையைப் பாட்டாலேயே நடத்த வேண்டும், மைக் இல்லாமல் கடைசி வரிசைக்கும் கேட்க வேண்டும். சங்கரதாஸ் சுவாமிகளின் ‘வள்ளி திருமணம்’ நாடகம் வேறென்ன? செங்கோட்டை கிட்டப்பாவும் கொடுமுடி சுந்தராம்பாளும் அப்படிப் பாடித்தான் ஊரைக் கட்டிப்போட்டார்கள். 1933இல், 27 வயதிலேயே கிட்டப்பா போய்விட்டதை நினைத்தால் இன்றும் மனம் ஆறவில்லை. உங்களுக்குப் பக்கத்துப் பினாங்கில் பிறந்த பங்சாவான் என்ற மலாய் இசை நாடகத்துக்கும் அந்நாளில் ‘மலாய் ஆப்பரா’ என்றுதான் பெயர்.

இன்றைக்கு வருவோம். இலங்கை வம்சாவளி அமெரிக்கப் பாடகர் ஷான் பணிக்கர், 2008இல் நியூயார்க் மெட்ரோபாலிட்டன் ஆப்பரா மேடை ஏறினார். 2018இல் லாஸ் ஏஞ்சலிஸில், ஃபிலிப் கிளாஸின் ‘சத்யாகிரகா’ ஆப்பராவில் காந்தியாக நின்று பகவத் கீதையைச் சமஸ்கிருதத்திலேயே பாடினார். நம் முகத்துக்கும் அந்த மேடையில் இடம் உண்டு.

அவசரம் மட்டும் கூடாது. ரப்பர் கன்று பால் தர ஆறேழு வருஷம் பொறுப்பவர்கள் நாம். ஆப்பராக் குரல் முப்பதை ஒட்டித்தான் முற்றும். அதுவரை ஆப்பராவின் மொழிகளான இத்தாலியமும் ஜெர்மனும் படிக்கட்டும். இப்போதே குரலை உச்சத்துக்கு இழுக்கச் சொல்லும் ஆசிரியரிடம் அனுப்பாதீர்கள். இசை அடிப்படைக்கு இந்த மாதமே சுங்கை பட்டாணியில் ஒரு நல்ல பியானோ வகுப்பாகப் பார்த்துச் சேர்த்துவிடுங்கள்.