ஜெயித்த வழக்கு, வராத வசூல்

கே: உலக வர்த்தக அமைப்பில் குட்டி நாடு வல்லரசை ஜெயிக்க முடியுமா?

ப: ஜெயிக்கலாம், வசூலிப்பதுதான் பெரும்பாடு! ஆன்லைன் சூதாட்டத் தடைக்காக அமெரிக்கா மீது 2003-ல் வழக்குப் போட்ட கரீபியன் தீவு நாடான ஆன்டிகுவா, 2005 மேல்முறையீட்டிலும் பெரும்பாலும் வென்றது. ஆனால், ஜப்தி செய்ய அமைப்பின் தலைமையகமான ஜெனீவாவில் அமீனா கிடையாது. தோற்றவர் திருந்தாவிட்டால் ஜெயித்தவர் பதிலடி கொடுக்கலாம், அவ்வளவுதான் விதி. அமெரிக்கச் சரக்குக்கு வரி போட்டால் தீவில்தானே விலைவாசி ஏறும்? அதனால் ஆண்டுக்கு 2.1 கோடி டாலர் அளவுக்கு அமெரிக்கப் பதிப்புரிமை, காப்புரிமைகளை மதிக்க வேண்டாம் என்று 2007-ல் தீர்ப்பானது. நியாயமான யோசனை!

இப்போது அந்த மேல்முறையீட்டு அமர்வே முடக்கம். எல்லா நாடும் சம்மதித்தால்தான் உறுப்பினர் நியமனம். அமெரிக்கா மறுத்ததால் 2019 டிசம்பர் முதல் விசாரணைக்குத் தேவையான 3 பேர் இல்லை. தோற்றவர் ‘அப்பீல்’ என்றால் போதும், வழக்கு கிணற்றில் போட்ட கல். இந்த அநியாயத்தை முதலில் சரிசெய்யட்டும்!