கொல்லைக் கோழிக்கூட்டத்தில் புதுச்சேவல் சேர்ப்பு: ஓர் ஆட்சியியல் ஆய்வு

1. தேவை

கொல்லையில் வளரும் கோழிக்கூட்டத்துக்குப் புதுச்சேவல் தேவைப்படுவது இரு காரணங்களால். இருக்கும் சேவலே தன் மகளுக்கும் பேத்திக்கும் துணையாகி, குஞ்சுகள் நோஞ்சானாகப் பிறப்பது ஒன்று. இருந்த சேவல் பதவி விலகுவது மற்றொன்று. இவ்விலகல் பெரும்பாலும் மிளகு, மல்லி சகிதம் நடைபெறுவதால், முன்னவரிடமிருந்து பொறுப்பை நேரில் பெற்றுக்கொள்ளும் மரபு இத்துறையில் வளரவில்லை. எட்டு முதல் பத்துப் பெட்டைகளுக்கு ஒரு சேவல் போதும். மிகுந்தால் பெட்டைகளின் முதுகு மயிர் உதிரும்.

2. தனிவாசம்

சந்தையில் வாங்கிய சேவலை அன்றே திறந்துவிடலாகாது. வெள்ளைக் கழிச்சல் எனப்படும் ராணிகேத் நோய், கோழிப்பேன், செதிற்கால் ஆகியவை அதனுடன் சேர்ந்தே குடிபுகக்கூடும். மூன்று, நான்கு வாரம் தள்ளி ஒரு கூண்டில் வைத்துக் கவனிக்க வேண்டும். பிறகு சில நாள் கம்பிவலைக்கு அப்பால், மற்றவை பார்க்கும்படி வைப்பது நலம். இக்காலத்தில் சேவல் ஓயாமல் கூவும். அதைக் கொள்கை விளக்க உரையாகக் கொள்க.

3. பதவியேற்பு

கோழிக்கு இருட்டில் கண் தெரிவது குறைவு. ஆகவே எல்லாம் அடைந்தபின் புதியதைக் கூட்டுக்குள் விடுவது வழக்கம். இதனால் சண்டை விடியும்வரை தள்ளிப்போகும், தவிர்ந்துபோகாது.

4. அதிகாரப் போட்டி

கோழிகளிடையே யார் யாரைக் கொத்தலாம் என்றொரு வரிசை உண்டென நார்வே ஆய்வாளர் ஷெல்டெருப்-எப்பே 1920களின் தொடக்கத்தில் எழுதினார். பழைய சேவலும் இருந்தால், இரண்டும் கழுத்து மயிர் சிலிர்த்துப் பாய்ந்து இவ்வரிசையைத் தீர்மானிக்கும். தோற்றது ஒதுங்க இடம் வேண்டும். ரத்தம் வழிந்தால் பிரித்துவிட வேண்டும். ரத்தம் கண்ட இடத்தைப் பிற கோழிகளும் கொத்தும். தீர்ப்பைக் காதாலும் அறியலாம்: விடியலில் முதலில் கூவுவது முதலிடத்துச் சேவலே, மற்றவை வரிசைப்படி பின்தொடரும் என்று ஜப்பானிய ஆய்வொன்று 2015இல் காட்டியது.

5. பெட்டைகளின் ஒப்புதல்

வென்ற சேவல் ஆட்சி தனதென்று கருதும். பெட்டைகள் அவ்வாறு கருதுவதாகத் தெரியவில்லை. அவற்றுக்குத் தனி வரிசை உண்டு. இளஞ்சேவலாயின் மூத்த பெட்டையிடம் கொத்து வாங்கியே தேற வேண்டும். ஒரு பக்கச் சிறகைத் தாழ்த்திச் சுற்றிவருவதும், புழு கண்டால் தான் தின்னாமல் குரல் கொடுத்து அழைப்பதும் சேவல் அளிக்கும் நலத்திட்டங்கள். புழு இல்லாமலே அழைப்பதும் உண்டு. விரும்பாத சேவலின் விந்தைப் பெட்டை வெளியேற்றிவிடும் என்பதும் ஆய்வில் பதிவாகியுள்ளது.

6. முந்தைய ஆட்சியின் எச்சம்

பெட்டையின் உடலில் விந்து இரண்டு, மூன்று வாரம் தங்கும். குழம்பாகிப்போன சேவலுக்கும் அதுவரை வாரிசு உருவாகலாம். எனவே பழையதை விலக்கிய அன்றே புதியதைத் தனிவாசத்தில் வைத்தால், நோய்க்கெடுவும் வாரிசுக்கெடுவும் ஒருசேரத் தீரும். அதன்பின் புதுச்சேவல் சேர்ந்து, அடைவைத்த முட்டை 21ஆம் நாள் பொரித்தால், குஞ்சின் தந்தை யார் என்பதில் ஐயம் எழாது. பக்கத்து வீட்டுச் சேவல் வேலி தாண்டாதிருக்கும்வரை.