கற்றல் பாணி: திருவொற்றியூர்ச் சான்றுகளை முன்வைத்து ஓர் ஆய்வு

பொதுத்தேர்வு அட்டவணை வெளியாகும் வாரத்தில் மாணவ உலகில் தவறாமல் நிகழும் கண்டுபிடிப்பு ஒன்று உண்டு: "எனக்குப் படிச்சா ஏறாது, பார்த்தாத்தான் ஏறும்." இதற்குச் சாஸ்திர ஆதாரமும் உண்டு. நியூசிலாந்தில் பள்ளி ஆய்வாளராக இருந்த நீல் ஃபிளெமிங் 1992-இல் முன்வைத்த வகைப்பாட்டில் கண்ணால் கற்பது, காதால் கற்பது, எழுத்தால் கற்பது, செய்து கற்பது என நான்கு பாணிகள். 2004-இல் பிரிட்டனில் ஃபிராங்க் காஃபீல்டு குழு கணக்கெடுத்தபோது, இத்தகைய வகைப்பாடுகளே 71 தேறின. நாயன்மார்களே 63 பேர்தான்.

ஃபிளெமிங்கின் நான்கு பாணிக்கும் ஆள் தேடித் திருவொற்றியூரைத் தாண்ட வேண்டியதில்லை. இங்குள்ள கோயிலில் வியாகரண தான மண்டபம் ஒன்று இருந்ததைச் சோழர் காலக் கல்வெட்டு சொல்கிறது. சிவபெருமான் பாணினிக்கு 14 சூத்திரங்களைக் கற்பித்த இடம் அது என்பது மரபு. அவை உடுக்கை ஒலியில் பிறந்தவை என்பதால் பாணினி காதால் கற்றவர். இவ்வூரில் சமாதி கொண்ட பட்டினத்தார், காதற்ற ஊசியோடு வந்த ஓலையைப் படித்துத் துறவு பூண்டதால் எழுத்தால் கற்றவர். இத்தலத்துக்கு ஓயாமல் வந்த வள்ளலார், கண்ணாடியில் தணிகை முருகனைக் கண்டதாகச் சொல்வதால் கண்ணால் கற்றவர். சங்கிலியாருக்கு மகிழடியில் செய்த சத்தியத்தை மீறி ஊர் எல்லையைத் தாண்டிய சுந்தரர், பார்வையை இழந்த பிறகே பாடம் கற்றார். செய்து கற்போருக்கு இதைவிடத் தெளிவான சான்று கிடைப்பது அரிது.

ஆனால் இதே சான்றுகளைத் திருப்பிப் பார்த்தால் கோட்பாடு ஆட்டம் காண்கிறது. பாணினி பெற்ற 14 சூத்திரங்களும் எழுத்தொலிகளின் வரிசை. ஒலியைக் காதால் கற்காமல் வேறெதனால் கற்பது? சத்தியம் மீறினால் என்ன ஆகும் என்பதை மீறாமல் முழுதாக அறிய வழியில்லை. ஆக, பாணி மாணவரிடம் இல்லை, பாடத்திடம் இருக்கிறது. 2008-இல் ஹரால்டு பாஷ்லர் முதலிய நான்கு அமெரிக்க உளவியலாளர்கள், அவரவர் பாணிக்கேற்பக் கற்பித்தால் அவரவர் கூடுதலாகக் கற்கிறார்களா என்ற ஆய்வுகளைத் துருவினார்கள். அப்படி நம்பப் போதுமான ஆதாரம் கிடைக்கவில்லை.

அருளாளர்களை வைத்துப் பத்தாம் வகுப்பை அளக்கலாமா என்று கேட்பார்கள். நியாயம்தான், என்ஃபீல்டு தொழிற்சாலை இருக்கும் ஊரில் புல்லட் மெக்கானிக்கை வைத்தே அளப்போம். அவர் இன்ஜின் சத்தத்தைக் கேட்கிறார், ஸ்பார்க் பிளக்கில் படிந்த கரியைப் பார்க்கிறார், கிளட்ச் கேபிளின் தளர்வை விரலால் அறிகிறார், உதிரிபாகத்தின் எண்ணைப் பெட்டியில் படிக்கிறார். "நான் காதால் கற்கும் வகை, பிளக்கைக் கழற்ற மாட்டேன்" என்று அவர் சொன்னால் யாரும் வண்டியை விடமாட்டார்கள்.

ஆளுக்கொரு விருப்பம் இருப்பது பொய்யா என்பது அடுத்த கேள்வி. பொய்யில்லை. ஆனால் பிடித்திருப்பது வேறு, மண்டையில் நிற்பது வேறு. உளவியலாளர்கள் ரோடிகரும் கார்பிக்கும் 2006-இல் நடத்திய சோதனையில், திரும்பத் திரும்பப் படித்த மாணவர்கள் ஐந்து நிமிடம் கழித்து முந்தினார்கள். பாராமல் நினைவுகூர்ந்து எழுதிய மாணவர்கள் ஒரு வாரம் கழித்து முந்தினார்கள். நன்றாக நினைவிருக்கும் என்ற நம்பிக்கை மட்டும் முதல் கூட்டத்துக்கே அதிகம். "புக்கை மூடிட்டுச் சொல்லு" என்று அடுப்படியிலிருந்து வரும் ஆணையின் அடிப்படையும் இதுவே. ஆகவே 72-ஆவதாக மூடிவைத்து ஒப்பிக்கும் பாணியை இக்கட்டுரை பரிந்துரைக்கிறது. இதுதான் தன் பாணி என்று எந்த மாணவரும் தானாகக் கண்டறிந்ததாகத் தகவல் இல்லை. அதன் நம்பகத்தன்மைக்கு வேறு சான்று தேவையில்லை.